வேத ஆராய்ச்சியும் விசுவாசமும்: கத்தோலிக்க உலகின் ஒரு நூற்றாண்டுப் போராட்டம்

கிறிஸ்தவ நண்பர்களுடன் மார்க்கம் குறித்த உரையாடல் எழும்போது நம்மவர்கள் பலரும் எடுத்துவைக்கும் வாதம் ஒன்று உண்டு. "நான்கு நற்செய்தி நூல்களையும் ஈசா (அலை) அவர்களின் நேரடிச் சீடர்கள் எழுதவில்லை என்று உங்கள் பாதிரியார்களே ஒப்புக்கொள்கிறார்களே" என்பதே அது. மேடைப் பேச்சுகளிலும் காணொளிகளிலும் வாட்ஸ்அப் பகிர்வுகளிலும் இவ்வாதம் நெடுங்காலமாகச் சுற்றி வருகிறது. ஆனால் அந்தப் பாதிரியார்கள் யார், எக்காலத்தில் எதனை எழுதினார்கள், எழுதியமைக்காக அவர்களுக்கு என்ன நேர்ந்தது, எழுதிய பின்னரும் அவர்கள் எதனை நம்பினார்கள் என்பதைத் தேடிப் பார்த்தவர்கள் மிகச் சிலரே.

அவ்வரலாற்றை இங்கே சுருக்கமாக எடுத்துரைக்க விழைகிறோம். அதற்குக் காரணங்கள் இரண்டு. ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகைமை நம்மை நீதி தவறச் செய்துவிடலாகாது என்பதைத் திருக்குர்ஆன் (5:8) நமக்கு வலியுறுத்துகிறது. பிறருடைய சொற்களை எடுத்தாளும்போதும் அந்த நீதி நம்மிடம் எதிர்பார்க்கப்படுகிறது. இரண்டாவதாக, இதே ஆராய்ச்சி முறை நம்முடைய ஹதீஸ்கள் மீதும் வரலாற்று நூல்கள் மீதும் செலுத்தப்படுவதை நம் பிள்ளைகள் இன்று கல்லூரி நூலகங்களிலும் கைப்பேசித் திரைகளிலும் காண்கிறார்கள். அக்கேள்விகளை ஒரு பெரும் சமயம் எவ்வாறு எதிர்கொண்டது, எங்கே தடுமாறியது, எங்கே நிதானம் கண்டது என்பதை அறிவது நமக்கும் பயன் தரும்.

கேள்வியின் பிறப்பு

மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் ஆகிய நான்கு நற்செய்தி நூல்களும் கிரேக்க மொழியில் எழுதப்பட்டவை. ஈசா (அலை) அவர்கள் பேசியதோ அரமேய மொழி. இந்நூல்களுள் மாற்கு ஏறத்தாழ கி.பி. 70ஐ ஒட்டியும், ஏனையவை அதன்பின் அந்நூற்றாண்டு முடிவதற்குள்ளும் எழுதப்பட்டன என்பது இன்றைய ஆய்வாளர்களில் பெரும்பாலோரின் கருத்து. நூல்களுக்குள்ளே ஆசிரியர் தம் பெயரைக் குறிப்பிடுவதில்லை. மத்தேயு, மாற்கு முதலிய பெயர்கள் தொன்மையான மரபின் வழியாக வந்தவை.

நான்கையும் அருகருகே வைத்துப் படிப்பவர் சில வேறுபாடுகளை உடனே காண்பார். ஆலயத்தில் வணிகர்களை விரட்டிய நிகழ்ச்சியை யோவான் தம் நூலின் தொடக்கத்தில், இரண்டாம் அதிகாரத்தில் வைக்கிறார். மற்ற மூவரும் அதனை இறுதி நாள்களில் வைக்கின்றனர். ஈசா (அலை) அவர்கள் கற்பித்ததாகக் கூறப்படும் இறைவேண்டல் மத்தேயுவில் நீண்டும் லூக்காவில் சுருங்கியும் உள்ளது. இறுதி இரவுணவு பாஸ்கா விருந்தே என்று மூவர் கூற, பாஸ்காவுக்கு முன்னரே அது நடந்தது என்பதாக யோவானின் வருணனை அமைகிறது. மத்தேயுவும் லூக்காவும் பல இடங்களில் மாற்குவோடு சொல்லுக்குச் சொல் ஒத்துப் போகின்றனர். அப்படியானால் ஒருவர் மற்றவரைப் பார்த்து எழுதினாரா என்னும் வினா எழுகிறது.

கையெழுத்துப் பிரதிகளும் வினாக்களை எழுப்பின. மாற்கு நூலின் கடைசிப் பன்னிரண்டு வசனங்கள் (16:9–20) நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த மிகப் பழைய இரு முழுப் பிரதிகளில் இல்லை. அவ்விரண்டில் ஒன்று வத்திக்கான் நூலகத்திலேயே பாதுகாக்கப்படுகிறது. விபசாரக் குற்றம் சாட்டப்பட்ட பெண்ணைப் பற்றிய யோவான் நூலின் புகழ்பெற்ற பகுதியும் அவ்விரு பிரதிகளிலும் இடம்பெறவில்லை.

கத்தோலிக்கர்களுள் இத்தகைய ஆய்வுக்கு முன்னோடியாகக் கருதப்படுபவர் ரிச்சர்ட் சிமோன் (1638–1712) என்னும் பிரெஞ்சுப் பாதிரியார். 1678இல் அவர் பழைய ஏற்பாடு பற்றிய திறனாய்வு வரலாறு ஒன்றை அச்சிட்டார். மூஸா (அலை) அவர்களுக்கு உரியவையாகக் கூறப்படும் ஐந்து நூல்களும் இன்றுள்ள வடிவில் முழுமையாக அவர்களால் எழுதப்பட்டிருக்க இயலாது என்பது அவர் கண்ட முடிவு. திருச்சபையின் மரபுரை இன்றி வேதநூல் மட்டும் போதாது என்று சீர்திருத்தச் சபையாருக்கு உணர்த்துவதே அவர் கருதிய பயன். ஆயினும் ஆயர் பொஸ்ஸுவேயின் தலையீட்டால் ஏறத்தாழ 1,300 பிரதிகள் பறிமுதலாகி அழிக்கப்பட்டன. சிமோன் தம் துறவற சபையிலிருந்தும் விலக்கப்பட்டார்.

அதன்பின் இந்த ஆய்வு பெரும்பாலும் திருச்சபைக்கு வெளியே வளர்ந்தது. ஜெர்மானிய அறிஞர் டேவிட் ஸ்டிராஸ் 1835இல் எழுதிய இயேசு வரலாறு, நற்செய்தி நூல்களிலுள்ள அற்புதங்களைத் தொன்மக் கதைகளாக விளக்கியது. பாரிஸ் குருமடத்தில் பயின்று 1845இல் அதைவிட்டு வெளியேறிய எர்னெஸ்ட் ரெனான், 1863இல் வெளியிட்ட தம் நூலில் ஈசா (அலை) அவர்களை அற்புதங்கள் ஏதுமற்ற மனிதராக மட்டும் சித்திரித்தார். கத்தோலிக்க உலகம் அதிர்ந்தது. வரலாற்று ஆராய்ச்சி என்றாலே விசுவாசத்தின் பகைவன் என்னும் அச்சம் திருச்சபையில் வேரூன்றியது.

இரு அறிஞர்கள், இரு வழிகள்

அந்த அச்சம் நிலவிய காலத்தில்தான் இரு பிரெஞ்சுப் பாதிரியார்கள் இத்துறைக்குள் நுழைந்தனர். இருவரும் ஏறத்தாழ ஒரே வயதினர். ஒருவர் மாரி-ஜோசப் லக்ராஞ்ச் (1855–1938), மற்றவர் அல்ஃபிரட் லுவாசி (1857–1940).

லக்ராஞ்ச் தொமினிக்கன் துறவி. 1890 நவம்பர் 15 அன்று, உஸ்மானியப் பேரரசின் ஆட்சியில் இருந்த ஜெருசலேம் நகரில், வேதநூல் ஆராய்ச்சிக்கான பள்ளியொன்றை நிறுவினார். முன்பு கால்நடைகளை அறுக்கும் கூடமாக இருந்த கட்டடத்தில் அது எளிமையாகத் தொடங்கியது. வேதநூல் பேசும் நிலத்தில் நின்று, அதன் மொழிகளையும் தொல்பொருள்களையும் மக்களின் வழக்கங்களையும் கற்றறிந்து அதனை விளங்கிக்கொள்ள வேண்டும் என்பது அவர் கொள்கை. 1892இல் ஆய்விதழ் ஒன்றையும் தொடங்கினார். மறு ஆண்டு, 1893 நவம்பரில், போப் பதின்மூன்றாம் லியோ வேதநூல் ஆய்வு குறித்துச் சுற்றுமடல் ஒன்றை வெளியிட்டார். கீழைத்தேய மொழிகளைக் கற்கவும் முறையான ஆய்வுக்கும் அது ஊக்கமளித்தது. வேதநூலில் பிழை ஏதும் இருக்க முடியாது என்பதையும் அது உறுதியாகக் கூறியது.

லுவாசி பாரிஸ் கத்தோலிக்க உயர்கல்வி நிறுவனத்தில் எபிரேய மொழியும் வேதநூலும் கற்பித்தவர். ரெனானின் வகுப்புகளிலும் அமர்ந்து பாடம் கேட்டவர். வேதநூலின் வழுவாமை குறித்த கருத்துகளுக்காக 1893இல் அவர் பதவி இழந்தார். 1900இல் ஜெர்மானியப் புராட்டஸ்டன்ட் அறிஞர் அடால்ஃப் ஹார்னாக், கிறிஸ்தவத்தின் சாரம் இறைவனைத் தந்தையாகக் காண்பதும் மனித ஆன்மாவின் மதிப்பை உணர்வதுமே, பிற்காலத் திருச்சபை அமைப்புகள் அந்தச் சாரத்தின் மேல் படிந்த உமி போன்றவை என்று எழுதினார். அதற்கு மறுப்பாக லுவாசி 1902இல் சிறு நூலொன்றை வெளியிட்டார். விதையிலிருந்து மரம் வளர்வது போலத் திருச்சபை நற்செய்தியிலிருந்து வளர்ந்தது, அந்த வளர்ச்சியைக் களைந்துவிட்டுச் சாரத்தை மட்டும் தனியே எடுக்க இயலாது என்று அதில் வாதிட்டார்.

திருச்சபையைக் காக்கவே அந்நூல் எழுதப்பட்டது என்று முதலில் பலரும் கருதினர். ஆனால் அதற்குள் வேறொன்று பொதிந்திருந்தது. இறையாட்சி மிக அண்மையில் வரவிருக்கிறது என்றே இயேசு எதிர்பார்த்தார், திருச்சபையின் அமைப்புகளையும் கோட்பாடுகளையும் இன்றுள்ள வடிவில் அவர் நேரடியாக நிறுவவில்லை என்னும் கருத்து அது. 1903 டிசம்பரில் லுவாசியின் ஐந்து நூல்கள் தடை செய்யப்பட்டவற்றின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. போப் பத்தாம் பயஸ் காலத்தில், 1907 ஜூலையில், 65 கருத்துகளைக் கண்டித்து ஆணை வெளியானது. செப்டம்பரில் 'நவீனவாதம்' என்று பெயரிட்டு இப்போக்கு முழுவதையும் கண்டிக்கும் சுற்றுமடல் வந்தது. 1908 மார்ச் 7 அன்று லுவாசி திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டார். 1910 முதல் குருக்களும் குருமட ஆசிரியர்களும் நவீனவாதத்துக்கு எதிராக உறுதிமொழி எடுக்க வேண்டியிருந்தது. 1967 வரை அவ்விதி நீடித்தது.

லுவாசி மீண்டும் திருச்சபைக்குத் திரும்பவில்லை. தண்டனைதான் அவருடைய நம்பிக்கையைக் குலைத்தது என்று எளிதாகச் சொல்லிவிட இயலாது. விலக்கப்படுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே மரபுவழி நம்பிக்கை தம்மிடம் தளர்ந்துவிட்டதை அவரே பிற்கால நினைவுக் குறிப்புகளில் எழுதியுள்ளார்.

லக்ராஞ்சுக்கும் சோதனை வந்தது. தொடக்கநூலுக்கு அவர் எழுதிய உரை வெளியிட அனுமதி பெறவில்லை. 1912இல் அவருடைய நூல்கள் குருமடங்களில் பயன்படுத்தத் தகாதவை என்று ரோமில் ஆணை பிறந்தது. அவர் ஜெருசலேமை விட்டுப் பிரான்ஸ் திரும்பினார். மறு ஆண்டு அனுமதி பெற்று மீண்டும் தம் பள்ளிக்கு வந்து சேர்ந்தார். சர்ச்சைக்குரிய பழைய ஏற்பாட்டுத் துறையை விட்டு விலகி, நற்செய்தி நூல்களுக்கு உரை எழுதுவதில் முழுவதுமாக ஈடுபட்டார். மாற்கு உரை 1911இலேயே வெளிவந்திருந்தது. லூக்கா 1921இலும் மத்தேயு 1923இலும் யோவான் 1925இலும் வெளிவந்தன. தம் சபைக்குக் கீழ்ப்படிந்தே வாழ்ந்தார், தம் ஆய்வையும் கைவிடவில்லை. 1938இல் அவர் இறந்தபோது, எந்த ஆய்வு முறைக்காக ஐயத்துக்கு உள்ளானாரோ அதற்குத் திருச்சபையின் ஒப்புதல் இன்னும் கிடைத்திருக்கவில்லை.

கதவு திறந்த விதம்

அந்த ஒப்புதல் ஐந்து ஆண்டுகள் கழித்து, இரண்டாம் உலகப் போரின் நடுவே வந்தது. 1943 செப்டம்பர் 30 அன்று போப் பன்னிரண்டாம் பயஸ் வெளியிட்ட சுற்றுமடல், லத்தீன் மொழிபெயர்ப்போடு நின்றுவிடாமல் எபிரேய, கிரேக்க மூலங்களை ஆராயுமாறு அறிஞர்களை ஏவியது. பண்டைக்கால மக்கள் கவிதை, உவமை, வரலாறு என ஒவ்வொன்றையும் எந்த எழுத்து வழக்கில் சொன்னார்கள் என்பதை அறிந்தே வேதநூலின் பொருளைக் காண வேண்டும் என்றது. லக்ராஞ்ச் நாற்பது ஆண்டுகளுக்கு முன் வலியுறுத்திய முறையும் ஏறத்தாழ இதுவே.

அதன்பின்னும் பாதை சமமாக இல்லை. ரோமிலுள்ள வேதநூல் ஆய்வு நிறுவனத்தின் பேராசிரியர்களான ஸ்தனிஸ்லாஸ் லியோனே, மாக்ஸிமிலியன் செர்விக் ஆகிய இருவரும் 1962இல் கற்பிக்கும் பணியிலிருந்து நிறுத்தப்பட்டனர். அதே ஆண்டில் தொடங்கிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் முன் இறைவெளிப்பாடு குறித்த வரைவு வைக்கப்பட்டது. நவம்பர் 20 அன்று நடந்த வாக்கெடுப்பில் அந்த வரைவின் மீதான விவாதத்தை நிறுத்துமாறு 1,368 பேரும் தொடருமாறு 822 பேரும் வாக்களித்தனர். நிறுத்துவதற்குத் தேவையான மூன்றில் இரண்டு பங்கு எட்டப்படவில்லை. ஆயினும் போப் இருபத்துமூன்றாம் யோவான் தலையிட்டு வரைவைத் திரும்பப் பெறச் செய்து, புதிதாக எழுத ஒரு குழுவை அமைத்தார். பணி நிறுத்தப்பட்ட இரு பேராசிரியர்களும் 1964இல் மீண்டும் வகுப்பறைக்குத் திரும்பினர். புதிய ஆவணம் 1965 நவம்பர் 18 அன்று 2,344 வாக்குகளுடன் நிறைவேறியது. எதிர்த்தவர்கள் 6 பேர் மட்டுமே.

மூன்று படிநிலைகள்

அந்த ஆவணத்துக்கு ஓராண்டு முன்னரே, 1964 ஏப்ரல் 21 அன்று, போப்பின் வேதநூல் ஆணைக்குழு நற்செய்தி நூல்களின் வரலாற்று உண்மை பற்றி அறிவுறுத்தல் ஒன்றை வெளியிட்டிருந்தது. நம் வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டிய பகுதி இதுவே.

அதன்படி நற்செய்திச் செய்திகள் மூன்று படிநிலைகளைக் கடந்து வந்துள்ளன. முதலாவது, ஈசா (அலை) அவர்களின் சொற்களும் செயல்களும். இரண்டாவது, சீடர்கள் அவற்றை மக்களிடையே வாய்மொழியாகப் போதித்த காலம். கேட்பவரின் தேவைக்கேற்பவும், தங்களுக்குப் பின்னர் கிடைத்த புரிதலின் ஒளியிலும் அவர்கள் போதித்தனர். மூன்றாவது, நூலாசிரியர்கள் அப்போதனைகளிலிருந்து தேர்ந்தெடுத்து, சுருக்கி, தத்தம் சபைகளின் நிலைக்கேற்ப அமைத்து எழுதிய காலம். ஆகவே சொற்களும் வரிசையும் நூலுக்கு நூல் வேறுபடுவது வரலாற்று உண்மையைக் குலைப்பதாகாது என்பது அவர்களின் நிலைப்பாடு. 1965ஆம் ஆண்டின் ஆவணமும் இதனையே ஏற்று, நான்கு நூல்களும் இயேசுவைப் பற்றிய உண்மையை அறிவிக்கின்றன என்று வலியுறுத்தியது.

நம்மில் பலரும் கவனிக்கத் தவறும் ஒரு வேறுபாட்டை இங்கே சுட்டிக்காட்ட வேண்டும். நம் நம்பிக்கையின்படி திருக்குர்ஆன் சொல்லும் பொருளும் அல்லாஹ்விடமிருந்து அருளப்பட்டது. அதனால் வேதநூல் என்ற சொல்லைக் கேட்டதும் அதே இலக்கணத்தை நற்செய்தி நூல்களுக்கும் பொருத்திப் பார்க்கிறோம். கத்தோலிக்கரின் நம்பிக்கை அவ்வாறு அமையவில்லை. அவர்களுக்கு இறைவனின் வார்த்தை என்பது முதன்மையாக ஒரு நூலைக் குறிப்பதன்று, இயேசு என்னும் ஆளுமையையே குறிக்கிறது. நற்செய்தி நூல்கள், இறை ஏவலுடன் மனிதர்கள் எழுதிய சாட்சியங்கள். ஆதலால் நூலாசிரியர்களுக்கிடையே சொல் வேறுபாடு இருப்பதைக் காட்டியதும் அவர்களின் நம்பிக்கை சரிந்துவிடும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். அவர்களோ, அதைக் குருமடத்தின் முதலாண்டிலேயே பயின்றோம் என்று அமைதியாகப் பதிலளிக்கிறார்கள். உரையாடல் அங்கேயே நின்றுவிடுகிறது.

நம் நம்பிக்கையில் இன்ஜீல் என்பது ஈசா (அலை) அவர்களுக்கு அல்லாஹ் அருளிய வேதம் (5:46). அவர்களைப் பற்றிப் பிறர் எழுதிய வரலாறு இன்ஜீல் ஆகாது. அவ்வகையில் இன்றுள்ள நான்கு நூல்கள் அமைப்பில் நம் சீரா நூல்களுக்கும் ஹதீஸ் தொகுப்புகளுக்கும் நெருங்கியவை, ஆனால் அறிவிப்பாளர் வரிசை இல்லாதவை. மூன்று படிநிலைகள் பற்றிய கத்தோலிக்க விளக்கம் இப்புரிதலோடு ஓரளவு இணைந்து செல்கிறது. உண்மையான உரையாடலுக்கான இடம் அதுவே. அதில் மறைத்துவைத்த குற்றம் எதையும் கண்டுபிடித்துவிட்டதாக எண்ணுவது முறையன்று.

கருவியின் இரு முனைகள்

இத்தகைய ஆய்வை நம்மவர் விவாதத்தில் பயன்படுத்திய வரலாறும் பழையது. 1854 ஏப்ரலில் ஆக்ராவில் நடைபெற்ற புகழ்பெற்ற விவாதத்தில், ஜெர்மானிய மிஷனரி கார்ல் ஃபாண்டருக்கு எதிராக மௌலானா ரஹ்மதுல்லாஹ் கைரானவி (ரஹ்) அவர்கள் வாதிட்டார்கள். இங்கிலாந்தில் மருத்துவம் பயின்ற வஸீர் கான் அவர்களுக்குத் துணை நின்றார். ஐரோப்பிய வேதநூல் ஆய்வாளர்களின் கருத்துகளை அவ்விருவரும் எடுத்துவைத்தபோது, அதை எதிர்பாராத மிஷனரி திகைத்துப் போனார். அக்காலத்தில் நம் நாட்டில் மார்க்கத்தைக் காக்க அது பேருதவியாக அமைந்தது. மௌலானா அவர்கள் பின்னர் அரபியில் எழுதிய 'இழ்ஹாருல் ஹக்' அவ்விவாதத்தின் விரிவாக்கமே.

ஆயினும் அந்தக் கருவி எங்கெல்லாம் செல்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அமெரிக்கக் கத்தோலிக்கப் பாதிரியார் ரேமண்ட் பிரவுன் (1928–1998) 1977இல் ஈசா (அலை) அவர்களின் பிறப்பு வரலாற்றைப் பற்றிப் பெருநூல் ஒன்றை எழுதினார். மத்தேயு, லூக்கா ஆகிய இருவரின் பிறப்பு வரலாறுகளையும் அவர் ஒப்பிட்டார். கிழக்கிலிருந்து வந்த ஞானிகளும் எகிப்துப் பயணமும் மத்தேயுவில் மட்டுமே உள்ளன. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் இடையர்களும் லூக்காவில் மட்டுமே உள்ளன. இரண்டையும் ஒரே வரலாறாக இணைப்பது எளிதன்று என்று அவர் காட்டினார். நம் சொற்பொழிவாளர்கள் மகிழ்ந்து எடுத்துக்காட்டும் பகுதி இது. அதே ஆய்வில், தந்தையின்றிப் பிறந்த அற்புதத்தை வரலாற்று ஆய்வின் சான்றுகளை மட்டும் கொண்டு நிறுவவும் முடியாது, மறுக்கவும் முடியாது என்ற முடிவுக்கும் அவர் வந்தார். தம் திருச்சபையின் போதனையை ஏற்று அவர் அதனை நம்பினார். மர்யம் (அலை) அவர்களின் தூய்மையையும் அந்த அற்புதப் பிறப்பையும் நாம் நம்புவது எதனால்? திருக்குர்ஆன் (3:47, 19:20–21) அறிவித்திருப்பதனால். பழைய சுவடிகளை ஆராய்ந்து நாம் அந்த நம்பிக்கையை அடையவில்லை.

சிலுவை விஷயமும் இத்தகையதே. ஈசா (அலை) அவர்களின் வாழ்வில் மிக உறுதியான வரலாற்று நிகழ்வு சிலுவை மரணமே என்று மேலை ஆய்வாளர்களில் பெரும்பாலோர் கூறுகின்றனர். நாமோ அல்லாஹ்வின் சொல்லை (4:157) ஏற்று அதனை மறுக்கிறோம். ஆய்வாளர் ஒருவரைத் தனக்குச் சாதகமான பக்கத்தில் மட்டும் சாட்சியாக அழைத்து, அடுத்த பக்கத்தில் அவரைப் பொய்யராக்குவது நேர்மையான வழக்காகாது. அவருடைய முறைக்கு எல்லை உண்டு என்று நாம் கருதினால், அந்த எல்லையை இரு பக்கங்களிலும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அந்த எல்லையைப் பற்றிக் கத்தோலிக்கரும் ஆழ்ந்து சிந்தித்தே உள்ளனர். 1993இல் வேதநூல் ஆணைக்குழு வெளியிட்ட விரிவான ஆவணம், வரலாற்று ஆய்வு முறை தவிர்க்க இயலாதது என்றது. அது மட்டுமே போதுமானதன்று என்றும், சொல்லுக்குச் சொல் நேர்ப்பொருள் மட்டுமே கொள்ளும் வாசிப்பு ஆபத்தானது என்றும் கூறியது. போப் பதினாறாம் பெனடிக்ட் 2007இல் வெளியிட்ட இயேசு பற்றிய நூலின் முதற்பகுதியில், விசுவாசம் உண்மையான வரலாற்றின் மீது நிற்பதால் ஆய்வு தேவை, ஆனால் அது கடந்த காலத்தைப் பற்றிய ஊகங்களைக் கடந்து செல்வதில்லை என்று விளக்கினார். அந்நூல் தம் அதிகாரப்பூர்வப் போதனை அன்று என்றும், யாரும் அதனை மறுத்து எழுதலாம் என்றும் முன்னுரையிலேயே குறிப்பிட்டார். நூறு ஆண்டுகளுக்கு முன் லுவாசியின் நூல்களைத் தடை செய்த அதே பீடத்தில் அமர்ந்தவர் இவ்வாறு எழுதினார்.

நம் முன்னோர் வழி

இந்தக் கேள்விகள் நம் வாசலையும் அடைந்துவிட்டன. ஹங்கேரிய அறிஞர் இக்னாஸ் கோல்ட்ஸிஹர் 1890இல் ஹதீஸ்களின் நம்பகத்தன்மையை ஐயுற்று எழுதினார். ஜோசப் ஷாக்ட் 1950இல் அந்த வாதத்தைச் சட்டவியல் துறையில் மேலும் விரித்தார். இவர்களுக்கு விடையளித்தவர்களுள் முதன்மையானவர் உத்தரப் பிரதேசத்தில் பிறந்து தேவ்பந்தில் பயின்ற முஹம்மத் முஸ்தஃபா அல்-அஃஸமி (ரஹ்). அவர் ஐரோப்பிய நூல்களை எரிக்கச் சொல்லவில்லை. கேம்பிரிட்ஜ் சென்று அவர்களின் முறையைக் கற்று, பழைய ஏடுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, தொடக்க நூற்றாண்டிலேயே ஹதீஸ்கள் எழுதி வைக்கப்பட்டதற்கான சான்றுகளைத் தொகுத்து 1968இல் நூலாக வெளியிட்டார்.

அவருக்கு வழிகாட்டியவர்கள் நம் பழைய முஹத்திஸ்களே. செய்தி கொண்டுவருபவரை ஆராயாமல் ஏற்கலாகாது என்னும் திருக்குர்ஆனின் போதனை (49:6) அவர்களின் அடித்தளம். அறிவிப்பாளர் ஒவ்வொருவரின் நினைவாற்றலையும் நேர்மையையும் எடைபோட்டுப் பெரும் தொகுப்புகளை இயற்றினார்கள். நபி (ஸல்) அவர்களின் பெயரால் இட்டுக்கட்டப்பட்ட செய்திகளை இப்னுல் ஜவ்ஸி (ரஹ்) தனி நூலாகத் திரட்டினார்கள். நபி (ஸல்) அவர்கள் மீது கொண்ட அன்பினாலேயே இந்த ஆராய்ச்சி நடந்தது.

இன்னொன்றையும் நினைவுகூர வேண்டும். ஹிஜ்ரி 385இல் மறைந்த இமாம் தாரகுத்னி (ரஹ்) அவர்கள், புகாரி, முஸ்லிம் ஆகிய இரு பெரும் தொகுப்புகளில் உள்ள சில அறிவிப்புகளைத் தேர்ந்தெடுத்து, பெரும்பாலும் அறிவிப்பாளர் தொடரைப் பற்றிய நுட்பமான குறைகளைச் சுட்டி எழுதினார்கள். எவரும் அவர்களைச் சமுதாயத்திலிருந்து விலக்கவில்லை. அந்நூலை எரிக்கவுமில்லை. ஏறத்தாழ 450 ஆண்டுகள் கழித்து இப்னு ஹஜர் அஸ்கலானி (ரஹ்) அவர்கள், ஸஹீஹுல் புகாரிக்கு எழுதிய பேருரையின் முன்னுரையில், புகாரியின் மீதான அத்தகைய விமர்சனங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு விடை கூறினார்கள். சில இடங்களில் விடை கூறுவது கடினம் என்பதையும் மறைக்கவில்லை. ஸஹீஹுல் புகாரியின் மதிப்பு அதனால் குன்றவில்லை. கல்விக்குக் கல்வியால் விடை சொல்லப்பட்டதே அதற்குக் காரணம்.

நம் இல்லங்களில்

திருக்குர்ஆனும் ஹதீஸும் பாதுகாக்கப்பட்ட முறைகள் வேறு, நற்செய்தி நூல்கள் உருவான முறை வேறு. ஆகவே கத்தோலிக்கர் கண்ட முடிவுகளை அப்படியே நம் மீது பொருத்துவதற்கில்லை. நம்மிடம் இறுதித் தீர்ப்பு வழங்கும் போப்பாண்டவர் பீடமும் இல்லை. ஆனால் கேள்வி கேட்கும் உள்ளம் எங்கும் ஒன்றே. லுவாசியும் லக்ராஞ்சும் ஒரே சுவடிகளையே படித்தார்கள். ஒருவருக்கு அவர் நம்பிய சபையில் இடமில்லாமல் போனது. மற்றவர் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஐயத்துக்குள்ளானவராகவே உழைத்தார். அவருடைய உழைப்பின் பயனைப் பின்வந்தோர் அனுபவித்தனர். இடையில் இழந்த காலத்தையும், விலகிச் சென்ற மனிதர்களையும் திருச்சபையால் மீட்டெடுக்க இயலவில்லை.

நம் மகனோ மகளோ, "வாப்பா, இந்த ஹதீஸ் எப்படி வந்தது? இதை எழுதியது யார்?" என்று கேட்கும்போது, "அப்படியெல்லாம் கேட்கக் கூடாது" என்னும் பதில் அந்தக் கேள்வியை அழிப்பதில்லை. வீட்டுக்கு வெளியே வேறொருவரிடம் அதைக் கேட்க அவர்களை அனுப்பி வைக்கிறது. நமக்கு விடை தெரியாவிட்டால், "தெரிந்த ஆலிமிடம் சேர்ந்து போய்க் கேட்போம்" என்று சொல்வதில் குறைவேதும் இல்லை. நம் மதரஸாக்களின் பாடத்திட்டத்தில் ஹதீஸ் கலையின் அடிப்படைகளும், அவை பற்றிய இக்காலக் கேள்விகளும் இடம்பெற வேண்டும். அண்டை வீட்டுக் கத்தோலிக்கருடன் வேதம் பற்றிப் பேச நேர்ந்தால், அவர் உண்மையில் எதை நம்புகிறார் என்பதை முதலில் கேட்டறிந்து, திருக்குர்ஆன் (29:46) காட்டும் அழகிய முறையில் பேச வேண்டும். அவர்தம் அறிஞர்களின் சொல்லை எடுத்தாளும்போது முழுமையாக எடுத்தாள வேண்டும்.

உண்மையை உண்மையாக அறிந்து அதனைப் பின்பற்றவும், பிறர் விஷயத்தில் நீதி தவறாதிருக்கவும், நம் பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பொறுமையோடும் கல்வியோடும் விடையளிக்கவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.